இடி விழுந்த தென்னை

இடி இடித்தால் பாட்டிமார் "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்பார்கள். பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள். மழை விட்டதும் வீட்டுக்காரர் தோப்புக்கு ஓடுவார். எந்த மரம் போயிற்றோ என்ற கவலை அவருக்கு!

மரத்தின் மேல் விழுவது இடி அல்ல; மின்னல். இடி அதன் சத்தம்தான். ஆனாலும் "இடி விழுந்த மரம்" என்று சொல்வதே ஊர் வழக்கம்.

அப்படி ஒரு மரத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? சிலர் மறுநாளே கோடரியை எடுக்கிறார்கள். சிலர் செத்த மரத்தை வருஷக் கணக்கில் அப்படியே விட்டு வைக்கிறார்கள். இரண்டும் தவறு.

மின்னல் பாயும் பாதையில் காற்று சுமார் 30 ஆயிரம் டிகிரி சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பில் உள்ள சூட்டைப் போல இது ஐந்து மடங்கு! கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் மரத்தில் ஓடும் சாறு கொதித்து ஆவியாகிறது. உள்ளே ஆவிக்கு இடம் போதாது. பட்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. வேம்பிலும் புளியிலும் உச்சியிலிருந்து அடி வரை பட்டை நீளமாக உரிந்து கிடப்பது இதனால்தான். மரம் நன்றாக நனைந்திருந்தால், சில சமயம் மின்சாரம் வெளி ஈரத்தின் வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். அந்த மரத்துக்கு அவ்வளவு சேதம் இராது.

வேம்பு, மா, புளி போன்ற மரங்களை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். முறிந்து தொங்கும் கிளைகளை மட்டும் உடனே இறக்கிவிட வேண்டும். அவை யார் தலையிலாவது விழும். பட்டை உரிந்தாலும் பச்சையாக இருந்தால், அதை மரத்தோடு அழுத்தி, ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி வைக்கலாம். வேருக்குத் தண்ணீர் விட வேண்டும். பிறகு அடுத்த தளிர்ப் பருவம் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். வெளியே ஒரு காயமும் இல்லாமல், வேர் மட்டும் வெந்துபோய், சில மாதம் கழித்துப் பட்டுப்போகும் மரமும் உண்டு. பாதி பட்டை போன பிறகும் தளிர்க்கும் மரமும் உண்டு. அது முதல் நாளில் தெரியாது.

தென்னையின் கதை வேறு

தென்னைக்கு உயிர் ஓரிடத்தில்தான். அது உச்சியில் இருக்கும் குருத்து. வேம்பை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்குக் குருத்து போனால் மரமே போயிற்று. அதன் தண்டில் பட்ட காயமும் மற்ற மரங்களைப் போல மூடி ஆறாது.

மின்னல் தாக்கிய தென்னை சில நாள் ஒன்றும் நடக்காதது போல நிற்கும். பிறகு மட்டைகள் வாடித் தொங்கும். குரும்பைகளும் காய்களும் உதிரும். தண்டிலிருந்து சிவப்பும் கறுப்புமாகச் சாறு வடியும். அப்போதும் குருத்தைத்தான் பார்க்க வேண்டும். பச்சையாக மேலே எழும்பி வந்தால் மரம் பிழைத்தது. அழுகி, இழுத்தால் கையோடு வந்தால் பிழைக்காது.

பிழைக்காது என்று தெரிந்த பின் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். அதன் புழு தண்டைக் குடைந்து தின்னும். பட்ட மரம் மட்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். அங்கிருந்து நல்ல மரங்களின் குருத்துக்குப் பறக்கும். மின்னல் கொன்றது ஒரு மரம்; வண்டு கொல்வது ஒன்பது மரம் என்று ஆகிவிடக் கூடாது அல்லவா? முற்றிய மரமானால் உத்திரத்துக்கு ஆகும். மற்றதைப் பிளந்து எரித்துவிட வேண்டும். அடிக்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும்.

அக்கம்பக்கத்து மரங்களையும் இரண்டு மூன்று மாதம் கவனித்து வர வேண்டும். தரையில் பரவும் மின்சாரம் அவற்றின் வேரையும் தாக்கியிருக்கும். அவை ஒவ்வொன்றாகச் சாயும்போது "நோய் வந்துவிட்டது" என்று மருந்துக்குப் பணம் செலவழிப்பவர்கள் பலர்.

மரத்துக்கு இடிதாங்கி

கோபுரத்துக்கு வைப்பது போல மரத்துக்கும் இடிதாங்கி வைக்கலாம். உச்சியிலிருந்து தடித்த செம்புக் கம்பியைத் தண்டோடு இறக்கி, பெரிய வேர்களுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பூமியில் ஆழப் பதிக்க வேண்டும். அது மின்னலை விழாமல் தடுப்பதில்லை. விழுந்த மின்னலுக்கு வழி விடுகிறது. நூறு, இருநூறு தென்னைக்கு இது கட்டுமா? கட்டாது. கோவில் தல விருட்சத்துக்கும், பள்ளிக்கூடத்து ஆலமரத்துக்கும் செய்யலாம். தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். நடுவில் அறுந்த கம்பி ஆபத்து.

பனை மரம் நட்டால் போதும் என்பாரும் உண்டு. வங்காளதேசம் 2016-ல் மின்னலை இயற்கைப் பேரிடர் என்று அறிவித்தது. அதன் பிறகு அங்கே பனை நட்டார்கள். பனை உயர வளர 15, 20 வருஷம் ஆகும். அதுவரை மின்னல் காத்திருக்குமா?

அந்தப் பனையின் அடியிலும் ஒதுங்கக் கூடாது. மரத்தில் விழுந்த மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேலும் தாவும். தரை வழியாகவும் பாயும். மாட்டுக்கு முன்காலும் பின்காலும் தள்ளி இருப்பதால் அது இன்னும் எளிதில் சாகிறது. இந்தியாவில் 2022-ல் மட்டும் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முப்பதுக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். வானம் கறுக்கும்போதே மாட்டை மரத்தடியிலிருந்து அவிழ்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஈடு எங்கே?

தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் 2009-10-ல் வந்தது. அதில் மின்னலும் சேர்க்கப்பட்டது. 16 முதல் 60 வயது வரையுள்ள மரம் செத்தால் 1,750 ரூபாய். அதற்குக் குறைந்த வயதுக்கு 900 ரூபாய் என்று வைத்தார்கள். பிரீமியத்தில் முக்கால் பங்கை மத்திய, மாநில அரசுகள் ஏற்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1,750 ரூபாய் ஒரு மரத்துக்கு ஈடாகுமா? இன்னும் முப்பது வருஷம் காய்த்திருக்க வேண்டிய மரம் அது. வெட்டி, பிளந்து, கட்டையைத் தோண்டும் கூலிக்கே அது சரியாய்ப் போகும். அந்தக் குழியில் வைக்கும் நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அந்த ஆறேழு வருஷத்தையும் கணக்கில் சேர்த்து ஈட்டுத் தொகையை நிர்ணயிக்க வேண்டும்.