ஒரு வரிசை, பல கைகள்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள் பெரியோர். ஆனால் கூடிய ஊர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகருமா? கணிப்பொறிக்கும் இதே நியதிதான்.

கல்விக் கட்டணம், உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு ஆகிய யாவும் இன்று கணிப்பொறிக்குச் செல்லும் செய்திகளே. கடைசி நாளன்று அவை குவிந்து இயந்திரம் திணறும்போது, "செய்திகளைக் கவனிக்க இன்னும் சில நிரல்களை ஓட விடுங்கள்" என்கிறோம். அது பாதித் தீர்வே என்பது என் கருத்து.

டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். தொலைபேசி அழைப்புகளை நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராய்ந்து 1909-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வழியில் வளர்ந்ததே வரிசைக் கோட்பாடு. அதன் எளிய கணக்கொன்றைப் பாருங்கள். ஒரு செய்தியைக் கவனிக்கச் சராசரியாக ஒரு நொடி. இரண்டு நிரல்கள், ஒவ்வொன்றும் 80 விழுக்காடு நேரம் வேலையில் இருக்கின்றன. தனித்தனி வரிசை வைத்தால் ஒரு செய்தி சராசரியாக 4 நொடி காத்திருக்கும். இரண்டுக்கும் பொது வரிசை வைத்தாலோ ஏறத்தாழ 1.8 நொடிதான்! கை ஒன்றும் கூடவில்லை. காத்திருப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. ஒரு வரிசையில் கூட்டம் நிற்க, மறு நிரல் சும்மா இருக்கும் அவலம் நீங்கியதே காரணம்.

வேகம் வந்துவிட்டது, நேர்மையும் வர வேண்டாமா? கட்டணத்தைக் கணக்கில் கழித்த நிரல், "முடிந்தது" என்று சொல்லுமுன் நின்றுவிட்டால், வரிசை அதே செய்தியை மற்றொரு நிரலிடம் ஒப்படைக்கும். கட்டணம் இரண்டாம் முறையும் கழியும். பணம் பின்னர்த் திரும்பி வரலாம். வசதியுள்ளவர்க்கு இது சிறு தொல்லை. நாட்கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டிற்கோ அது அம்மாதத்து அரிசி அன்றோ?

இதற்குப் பரிகாரம் அரியதன்று. ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் இட வேண்டும். பணம் கழிவதும் அவ்வெண் பதிவாவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடைபெற வேண்டும். முன்பே பதிவான எண் மீண்டும் வந்தால், எந்த நிரலும் பணத்தைத் தொடலாகாது.

நாளை நிரல் எழுதப் போகிறவர்கள் நாம். எத்தனை கைகள் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், கை தவறினால் யார் வயிற்றில் அடி விழும் என்பதையும் எண்ணுவோமாக!