இரசிகரின் ஊகங்கள்

கதை கேட்பவன் ஊம் கொட்டுவதோடு அமைந்துவிடுவதில்லை. சொல்பவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலே, அடுத்து வருவது இன்னது என்று தனக்குள்ளே ஒரு கதையைப் பின்னிக்கொள்கிறான். அவன் பின்னியது சில வேளைகளிற் சொல்பவரின் கதையிலும் அழகாயிருத்தல் உண்டு. இவ்வழக்கத்தை வீண்பொழுது என்று ஒதுக்கும் ஆசிரியர்கள் உளர். தம் மாணவர் தொலைக்காட்சித் தொடர்களின் பாத்திரங்களைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுவதைக் கண்டு மனம் புழுங்குவோரை நாம் அறிவோம். அவர்களது கவலையை முற்றாகத் தள்ளிவிடவும் எம்மால் இயலவில்லை. ஆயினும் ஒரு தொடரை எடுத்து, அதன்மேல் எழுந்த ஊகங்கள் எத்தகையவை என்று சற்றே ஆராய்ந்த பின்னர்த் தீர்ப்புக் கூறுவது முறையாகும்.

அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் 2011ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி ஒரு தொடர் நாடகத்தை ஒளிபரப்பத் தொடங்கியது. அதன் பெயர் 'வன்ஸ் அப்பொன் ஏ ரைம்'. 'முன்னொரு காலத்திலே' என்று நம் பாட்டிமார் கதை தொடங்கும் அதே வாசகம். 2018 மே மாதத்தில் முடிவுறும்வரை ஏழு பருவங்களில் 155 அங்கங்கள் வெளிவந்தன. எட்வர்ட் கிற்சிஸ், அடம் ஹொறொவிற்ஸ் என்னும் இருவர் அதனைப் படைத்தவர்கள். ஸ்னோ வைற் என்னும் அரசகுமாரியின்மேல் தீராப் பகை கொண்ட மாற்றாந்தாய், ஒரு பெருஞ் சாபம் இடுகிறாள். தேவதைக் கதைகளில் வாழ்ந்த மாந்தர், மேய்ன் மாநிலத்தில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்ட ஸ்ரோறிபுறூக் என்ற சிற்றூருக்கு அள்ளி எறியப்படுகின்றனர். தாம் யாரென்பதை மறந்து ஆசிரியையாகவும் வைத்தியராகவும் அடைவு கடைக்காரராகவும் அங்கே காலங் கழிக்கின்றனர். ஊர் மணிக்கூடு எட்டேகால் மணியில் நின்றுவிட்டது. சபிக்கப்பட்டோர்க்கு இருபத்தெட்டு ஆண்டுகளாக வயது ஏறவில்லை. சாபமிட்ட அரசியோ அனைத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு, ரெஜீனா என்ற பெயரில் அவ்வூரின் நகர முதல்வராக ஆட்சி செய்கிறாள்.

மறைந்து வாழும் மாந்தரின் கதை எமக்குப் புதிதன்று. விராடன் மடைப்பள்ளியில் அகப்பை பிடித்தவன் வீமன் என்பதும், அரசகுமாரிக்கு ஆடல் பயிற்றிய பேடி அருச்சுனன் என்பதும் பாரதம் கேட்போர் யாவரும் அறிந்தவை. அங்கே கேட்பவன் அறிவான்; மறைந்திருப்பவனும் அறிவான்; விராடன்தான் அறியான். அவனது அறியாமையே கேட்போருக்குச் சுவை. ஸ்ரோறிபுறூக்கிலோ மறைந்திருப்பவனுக்கே தன்னைத் தெரியாது. பார்ப்பவனுக்கும் பலரைத் தெரியாது. ஆகவே ஊகத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்தது நாடகமே என்று சொல்ல வேண்டும்.

படைத்தவர்களும் இந்தக் கலையிற் பழகியவர்கள். 2004 முதல் 2010 வரை ஒளிபரப்பான 'லொஸ்ற்' என்ற தொடருக்கு எழுதியவர்கள் அவர்கள். அத்தொடரில் வீழ்ந்த விமானத்தின் இலக்கம் 815. ஸ்ரோறிபுறூக்கின் மணிக்கூடு நின்ற நேரமும் 8.15. இத்தகைய குறிப்புகளைக் கண்டுபிடித்து மகிழும் ஒரு கூட்டம், புதிய தொடர் தொடங்கு முன்னரே ஆயத்தமாய் இருந்தது. பாத்திரங்களின் பெயர்களே அவர்களுக்கு முதற் பாடம். ஊர்ப் பத்திரிகையின் ஆசிரியர் பெயர் கிளாஸ், அதாவது கண்ணாடி. அவர் அரசியின் மாயக்கண்ணாடியே. நகர முதல்வர் விரும்பியதை விரும்பியவாறு காட்டுபவர். பத்திராதிபர் தொழிலைப் பற்றி இதனிலும் கடிய விமர்சனம் ஒன்றை நாம் அண்மையிற் கண்டதில்லை.

பெயரை வைத்து எழுந்த ஊகங்களுள் எம்மைக் கவர்ந்தது ஊர் வைத்தியரைப் பற்றியது. அவர் பெயர் டொக்டர் வேல். முருகன் கை வேலன்று. ஆங்கிலத்திலே திமிங்கிலத்தைக் குறிக்கும் சொல். பினோக்கியோ என்னும் மரப்பாவையின் தந்தையை விழுங்கிய திமிங்கிலமே இவர் என்று பெயரைக் கொண்டு கருதினர் சிலர். 2012 ஒக்டோபரில் உண்மை வெளியாயிற்று. அவர் பிணத்துக்கு உயிரூட்டிய பிராங்கென்ஸ்ரைன். 1931இல் அக்கதையைத் திரைப்படமாக்கிய நெறியாளர் ஜேம்ஸ் வேலின் பெயரே வைத்தியருக்குச் சூட்டப்பட்டிருந்தது. அவரது நாடு மாத்திரம் கறுப்பு வெள்ளையிற் காட்டப்பட்டதற்கும் அந்தப் பழைய படமே காரணம். தேவதைக் கதைகளின் நடுவே மேரி ஷெலியின் 1818ஆம் ஆண்டு நாவலிலிருந்து ஒருவர் வந்து நிற்பார் என்று எத்தனை பேர் எதிர்பார்த்திருத்தல் கூடும்?

திமிங்கிலம் என்றவர் தோற்றார் என்பது மெய்யே. ஆனால் அந்த ஊகத்தைச் சரிபார்க்கப் புகுந்த மாணவன் ஒருவன் கொலோடியின் 1883ஆம் ஆண்டு நூலைப் புரட்டுவானாயின், அங்கே விழுங்கியது ஒரு பெருஞ் சுறா என்பதையும், அதனைத் திமிங்கிலமாக்கியது 1940ஆம் ஆண்டின் டிஸ்னிப் படம் என்பதையும் கண்டுகொள்வான். அதே நூலிலே புத்தி சொல்ல வந்த சிள்வண்டைப் பினோக்கியோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான் என்பதைக் கண்டு திடுக்கிடுவான். டிஸ்னி அந்தச் சிள்வண்டுக்குப் பெயருங் குடையுங் கொடுத்து உயிரோடு வைத்தார். இத்தொடரில் அது மனநல வைத்தியராக நடமாடுகிறது. ஒரு பிழையான ஊகம் ஒருவனை மூன்று நூல்களுக்கு இழுத்துச் செல்லுமாயின் அதனை வீணென்று நாம் சொல்லோம்.

இனி, இத்தொடரில் நாம் பெரிதும் மதிக்கும் அமிசம் ஒன்றுண்டு. இரசிகர் ஊகஞ் செய்வதற்கு முன்னரே கதைக்குள்ளிருப்போர் ஊகஞ் செய்கின்றனர்; அதற்குரிய விலையையுங் கொடுக்கின்றனர். அவர்களுள் முதல்வன் ஹென்றி என்ற பத்து வயதுச் சிறுவன். ரெஜீனா எடுத்து வளர்த்த பிள்ளை. ஆசிரியை கொடுத்த பழைய கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஊரவர் அனைவரும் அதிலுள்ள மாந்தரே என்று கூறுகிறான். தன்னைப் பெற்றவளான எம்மாவைப் பொஸ்ரன் நகரிலே தேடிச் சென்று அழைத்து வருகிறான். அவன் கூற்றைப் பைத்தியம் என்று காட்ட ரெஜீனா முயல்கிறாள். மனநல வைத்தியரிடம் அனுப்புகிறாள். அவன் சொல்வது முற்றும் உண்மை என்பதை அந்த ஊரிலே அறிந்திருந்தும் அவள் செய்த காரியம் இது. பிள்ளையின் வாசிப்பை நோய் என்று பெயரிட்ட அந்தக் கொடுமை, அவள் கதையிற் செய்த மந்திரக் கொடுமைகள் பலவற்றிலும் எமக்குப் பெரிதாகத் தோன்றியது.

ஹென்றியின் ஊகம் சரி. அவன் வாசிப்பிலும் ஒரு குறை இருந்தது. வளர்த்தவள் கொடிய அரசி என்று கண்டவுடன் அவளைப் பற்றி அறிய வேண்டியது முடிந்துவிட்டதாக அவன் எண்ணினான். பத்து ஆண்டுகள் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவளும் அவள்தானே என்ற கேள்வி அவன் புத்தகத்தில் இல்லை.

இரண்டாவது ஊகம் உயிர் குடித்தது. 2012 மார்ச்சில் ஒளிபரப்பான அங்கம் ஒன்றிலே, செம்முக்காட்டுப் பெண்ணின் கிராமத்தை ஓநாயொன்று கலங்கடிக்கிறது. அவளும் ஸ்னோ வைற்றும் அடிச்சுவட்டைத் தொடர்ந்து செல்கின்றனர். ஓநாயின் சுவடு வழியிலே மனிதனின் சப்பாத்துச் சுவடாக மாறி, செம்முக்காட்டுப் பெண்ணின் சாளரத்தடியில் முடிகிறது. அந்தச் சாளரத்துக்கு இரவில் வருபவன் அவளுடைய காதலன் பீற்றர். ஆகவே அவனே ஓநாய் என்று முடிவு செய்து, அன்றிரவு அவனுக்கும் பிறருக்கும் தீங்கு நேராதிருக்க, அவன் சம்மதத்துடனேயே சங்கிலியாற் பிணைக்கிறாள். ஆனால் ஓநாய் அவளே. பாட்டி போர்த்திவிட்ட செம்முக்காடுதான் அதுவரை அவளைக் காத்து வந்தது. அது தோளில் இல்லாத அந்த இரவில், கட்டுண்டு கிடந்த பீற்றரை அவளே கொன்று தின்றாள். சாட்சியங்கள் அத்தனையும் உண்மையாயிருந்தும் முடிவு பிழைத்தது. தேடுபவள் தன்னைத் தேடப்படுவோரின் வரிசையிற் சேர்க்க மறந்ததே காரணம். பார்த்த இரசிகர் பலரும் பீற்றரைத்தான் ஐயுற்றிருப்பர். இந்த அங்கத்தை இத்தொடரின் சிறந்த அங்கங்களுள் ஒன்றாக வைக்க நாம் தயங்கோம்.

மூன்றாமவர் கோல்ட் என்னும் அடைவு கடைக்காரர். வைக்கோலைப் பொன்னாகத் திரித்த குள்ளன் இவரே. இழந்த மகனை அடைவதற்காகவே சாபத்தை உருவாக்கிக் கொடுத்தவர். ஊருக்குப் புதிதாய் வந்த ஓகஸ்ட் என்பவனைத் தம் மகனென்று கருதி அழுது அணைத்துக்கொள்கிறார். அவனோ மகனல்லன், மீண்டும் மரமாகிச் சாகும் அச்சத்தில் நடித்த பினோக்கியோ. உலகத்தையே ஏமாற்றிய சூழ்ச்சிக்காரர் ஏமாந்தமைக்கு ஆசையன்றி வேறு காரணம் இல்லை. தாம் விரும்பும் இருவர் இறுதியில் ஒன்றுசேர்வர் என்று எண்ணியே தடயங்களைத் தேடும் இரசிகர் கோல்டின் இனத்தவர். எமக்கும் அவர்மேல் இரக்கமே உண்டு.

யார் என்ற கேள்வியினும் ஏன் என்ற கேள்வி கடினமானது. அரசி ஸ்னோ வைற்றை ஏன் வெறுத்தாள்? கிறிம் சகோதரரின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் மாற்றாந்தாய் ஆனாள். இரண்டிலும் அழகின்மேற் கொண்ட பொறாமையே காரணம். இத்தொடரோ அந்தக் காரணத்தை வைத்துக்கொள்ளாமல், ஏதோ ஒரு பழைய இரகசியம் என்று மாதக்கணக்காக இரசிகரைச் சிந்திக்க விட்டது. 2012 ஏப்பிரிலில் வந்த விடை எவரையும் நாணச் செய்யும். இளம்பெண் ரெஜீனா, ஓடுங் குதிரையிலிருந்து சிறுமி ஸ்னோ வைற்றைக் காப்பாற்றினாள். தான் குதிரைலாயப் பையன் ஒருவனைக் காதலிப்பதை அச்சிறுமியிடம் நம்பிச் சொன்னாள். தாயை இழந்திருந்த சிறுமி, ரெஜீனாவும் தன் தாயை இழக்கலாகாது என்ற நல்லெண்ணத்தினால் அந்தத் தாயிடமே இரகசியத்தைச் சொல்லிவிட்டாள். தாய் அப்பையனைக் கொன்றாள். குற்றம் செய்த குழந்தையிடம் தீய எண்ணம் சிறிதும் இல்லை. இந்த விடையை முன்னரே கிட்டத்தட்ட எட்டிய ஒருவன் இருந்தால், அவனை நல்ல வாசகன் என்று நாம் வாழ்த்துவோம். எட்டாது அதைப் பற்றியே எண்ணிக் கொண்டிருந்தவனையும் வாழ்த்துவோம்.

வரவர இத்தொடர் யாருக்கு யார் உறவு என்ற கேள்விக்குட் புகுந்து மீள முடியாது போயிற்று. ஹென்றியின் தந்தை கோல்டின் இழந்த மகனே என்று 2013 பெப்ரவரியில் தெரிந்தது. அவ்வாண்டின் இறுதியிலே பீற்றர் பான் கோல்டின் தந்தை என்று தெரிந்தது. வளர மறுத்த சிறுவன், மகனைக் கைவிட்டு இளமையை வாங்கிக்கொண்ட ஒரு தகப்பன் என்பதில் ஆழமுண்டு, மறுக்கவில்லை. அடுத்து, பச்சை நிறச் சூனியக்காரி ரெஜீனாவின் தமக்கையானாள். ஹென்றிக்கு அவனை வளர்த்த தாயே அவன் பாட்டியின் மாற்றாந்தாய். எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் முறை சொல்லுங் கிழவிகளும் இங்கே வாயடைத்து நிற்பர். கதை இவ்வாறு ஆனபோது ஊகமும் மெலிந்தது. புதிய பாத்திரம் ஒன்று வந்தால் அது எவருடைய பிள்ளை என்று கேட்பதோடு நின்றனர் இரசிகர். இதில் அவர்களைக் காட்டிலும் படைத்தவர்களே பழிக்குரியவர்கள் என்பது எமது கருத்து.

ஆசிரியர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது சிறிது. மாணவன் தன் ஊகத்தைச் சொல்லும்போது, எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். உன் ஊகத்துக்கு மாறான காட்சி எது என்றுங் கேளுங்கள். அது மெய்யானால் அந்தப் பாத்திரத்தின் நெஞ்சில் நடப்பது யாது என்ற கேள்வியை இறுதியில் வையுங்கள். கோவலன் மனத்தையோ கைகேயியின் மனத்தையோ பற்றிப் பரீட்சைத் தாளிலே கேட்கும் கேள்வியும் இதுதானே.

முதற் பருவத்தின் இறுதி அங்கம் 2012 மே 13ஆந் திகதி வந்தது. நஞ்சூட்டிய அப்பிள் கலந்த பண்டத்தைத் தின்று கிடக்கும் ஹென்றியின் நெற்றியில் எம்மா முத்தமிடுகிறாள். பெற்றவளின் அந்த முத்தம் சாபத்தைத் தீர்க்கிறது. கிறிம் சகோதரரின் கதையில் ஸ்னோ வைற் முத்தத்தால் எழவில்லை. சவப்பெட்டி குலுங்கியதால் தொண்டையிற் சிக்கிய அப்பிள் துண்டு வெளிவந்தே எழுந்தாள். முத்தத்தைக் கொண்டுவந்தது 1937ஆம் ஆண்டின் டிஸ்னிப் படம். அதிலும் அது காதலனின் முத்தம். அந்த மருத்துவமனை அறையிலே ரெஜீனாவும் நிற்கிறாள். தான் அவனை நேசிப்பது உண்மை என்று மாத்திரஞ் சொல்லி வெளியேறுகிறாள். அந்தச் சொல் மெய்யோ, தப்பிச் செல்வோளின் தந்திரமோ என்பது இரசிகரிடையே ஒரு வாதம். அதை மெய்யென்று கொண்டவர்கள் ஏறத்தாழ ஈராண்டு பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 2014 ஏப்பிரிலிலே மற்றொரு சாபம் ஊரைப் பிடித்திருந்த வேளை, எம்மா அருகில் நிற்க, ஹென்றியின் நெற்றியில் முத்தமிட்டு அதைத் தீர்த்தவள் ரெஜீனா.