கீழாநெல்லி கொடுத்தால் கோழிக்குள் போன ஈயம் இறங்கிவிடுமா?

செங்கத்திலிருந்து சித்தி அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் எதுவும் இரண்டு நிமிடத்துக்குக் குறையாது. போன மாதம் வந்தது பதினைந்து நொடிதான். "கண்ணு, நம்ம வீட்டுக் கோழி முட்டையை இனிமே சாப்பிடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாப்பா தினமும் ஒண்ணு சாப்பிட்டுச்சே. நீ கொஞ்சம் விசாரிச்சு சொல்லு."

பாப்பா என்பது சித்தியின் பேத்தி. மூன்று வயது. கடை முட்டை வேண்டாம், வீட்டு முட்டைதான் சத்து என்று அவளுக்காகவே சித்தி ஏழு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறார்.

அதில் இரண்டு கோழிகள் சில வாரங்களாகச் சரியில்லை. இரை எடுக்காமல் மூலையில் நின்றன. எச்சம் பச்சையாகப் போனது. வெள்ளைக்கழிச்சல்தான் என்று நினைத்த சித்தி, ஊரில் எல்லோரும் செய்வதையே செய்தார். சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், வேப்பிலை, கீழாநெல்லி எல்லாம் அரைத்து, உருண்டை பிடித்துக் கொடுத்தார். இது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மூலிகை மையத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, இந்த மாதிரி மரபு மருத்துவ முறைகளைத் தொகுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனவர். ஜவ்வாது மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊரில் பச்சிலைக்கு மரியாதை எப்போதுமே கொஞ்சம் கூடுதல்.

ஒரு கோழி தேறியது, மறுபடி முட்டையும் வைத்தது. இன்னொன்று செத்துப்போனது. கழிச்சல் என்றால் மொத்தக் கூண்டும் காலியாகியிருக்க வேண்டுமே என்று சந்தேகப்பட்டு, செத்த கோழியைச் சித்தி கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போனார். அறுத்துப் பார்த்தால், இரைப்பைக்குள் கல்லோடு கல்லாகச் சாம்பல் நிறத்தில் சில துணுக்குகள். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "கோழி எங்கம்மா மேயுது?"

பதில் சித்தப்பாவிடம் இருந்தது. அவருக்கு ஏரி மீன் என்றால் உயிர். வீச்சு வலையின் ஓரத்தில் கட்டும் குண்டுகளைக் கடையில் வாங்க மாட்டார். பழைய பைக் பேட்டரியை உடைத்து, ஈயத்தை உருக்கி, தானே ஊற்றிக்கொள்வார். இடம், கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். கோழிகள் நாள் முழுக்கக் கிளறுவதும் அங்கேதான்.

கோழிக்குப் பல் கிடையாது. தின்ற தானியத்தை அரைக்கச் சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கும். ஈயத் துணுக்கும் அதற்கு ஒரு கல்தான். தசை அழுத்தி அரைக்க, அமிலம் கரைக்க, ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். உடம்புக்கு ஈயமும் கால்சியமும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் ஈயத்தைக் கொண்டுபோய் எலும்பில் சேர்த்து வைக்கும். முட்டையிடும் கோழி ஒவ்வொரு ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் செலவழிக்கிறது. தீவனத்தில் போதாதபோது எலும்பிலிருந்து எடுக்கும். அப்போது அங்கே இருக்கும் ஈயமும் கிளம்பி வரும். ஓட்டுக்கும் போகும், மஞ்சள் கருவுக்கும் போகும். முட்டையை வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது.

அப்படியானால் மூலிகை?

சித்தி கேட்டதும் இதைத்தான். "பூண்டும் கீழாநெல்லியும் விஷத்தை முறிக்குமே, இன்னும் பத்து நாள் கொடுத்தா சரியாயிடாதா?"

சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. 1994-ல் எகிப்து ஆய்வாளர்கள் கோழிகளுக்கு ஈயத்தோடு பூண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பூண்டு தின்ற கோழிகளின் உடலில் ஈயத்தின் அளவு குறைந்திருந்தது. பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடியவை. மஞ்சள், துளசி, முருங்கை, ஸ்பைருலினா என்று வேறு பலவற்றையும் இதே போலச் சோதித்திருக்கிறார்கள். இவை பெரும்பாலும் செய்வது, உலோகம் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உண்டாக்கும் சேதத்தைக் குறைப்பது. கோழி தெம்பாகும், எடை கூடும், முட்டை வைக்கும்.

எனக்குப் பயமாக இருப்பதே அங்கேதான். ஆய்வுக்கூடத்துக் கோழி கூண்டில் இருக்கிறது, அதற்குப் போகும் ஈயம் அளந்து கொடுப்பது. சித்தி வீட்டுக் கோழி காலையில் மூலிகை உருண்டையை விழுங்கிவிட்டு, பத்து மணிக்கு அதே துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் கிளறுகிறது. மூலிகை அதைத் தெம்பாக்கினால், ஈயம் கலந்த முட்டையைத் தவறாமல் வைக்கும் கோழியாகத்தான் ஆக்கும். செத்த கோழியால் பாப்பாவுக்கு ஆபத்து இல்லை. தேறிய கோழியால்தான் ஆபத்து.

இன்னொன்றும் விசாரிக்கும்போது தெரிந்தது. சித்தி கீழாநெல்லியைப் பறித்தது அதே கொல்லையில்!

தீவனக் கடைகளில் 'லிவர் டானிக்', 'டாக்சின் பைண்டர்' என்று மூலிகைப் படம் போட்ட பாட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. டாக்சின் பைண்டர்கள் பெரும்பாலும் தீவனத்தில் பிடிக்கும் பூஞ்சை நச்சுக்காக வந்தவை. அந்த வேலைக்கு அவை பயன்படும். ஈயத்துக்கும் கேட்குமென்று யாராவது விற்றால், "முட்டையில் ஈயத்தை டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். ஈயம் ஏறிய கோழிக்குக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துவது கால்சியம் எடிடிஏ ஊசி. அதைக்கூட, இரைப்பையில் துணுக்கு இருக்கும்வரை போட்டுப் பெரிய பலனில்லை.

விலை குறைவாகவும் உருப்படியாகவும் ஒன்று இருக்கிறது. கிளிஞ்சல் தூள். கால்சியம் போதுமான அளவு கிடைக்கும் கோழியின் குடல் ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும். நொய்யும் தவிடும் மட்டும் தின்னும் நாட்டுக்கோழிக்கு எப்போதுமே கால்சியம் பற்றாக்குறைதான். ஆனால், முட்டை ஓட்டையே நொறுக்கித் திரும்பப் போடும் பழக்கம் இருந்தால் (சித்திக்கு இருந்தது) உடனே நிறுத்த வேண்டும். ஓட்டில் வெளியேறிய ஈயம் மறுபடி கோழிக்குள்ளேயே போகும்.

இதெல்லாம் செங்கத்தில் மட்டும் நடப்பதல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், வீட்டுத் தோட்டத்தில் மேயும் கோழிகளின் முட்டைகளை 2022-ல் ஆராய்ந்தபோது, கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்குக்கும் மேல் ஈயம் இருந்தது. பழைய பெயின்ட், பழைய பெட்ரோல் புகை எல்லாம் மண்ணில் அப்படியே தங்கியிருக்கின்றன. நம் பக்கத்திலேயே, ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றங்கரையில், மூடிப்போன ராணிப்பேட்டை குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு 1.5 லட்சம் டன்னுக்கு மேல். அந்த மண்ணுக்கு எந்த உருண்டையைப் பிடித்துக் கொடுப்பது?

குழந்தைகளுக்கு வருகிறேன். ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்தச் சொல்கிறது. அந்த அளவைத் தாண்டிய குழந்தைகள் இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடி என்று யுனிசெஃப்பும் 'ப்யூர் எர்த்' அமைப்பும் 2020-ல் மதிப்பிட்டன. காய்ச்சலோ வாந்தியோ வந்து காட்டிக்கொடுக்காது. படிப்பிலும் கவனத்திலும் மெதுவாகத் தெரியும்.

பாப்பாவுக்கு ரத்தம் எடுத்து, சென்னை லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

சித்தப்பா அந்த இடத்து மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டி, சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். காய்ந்த மண்ணைப் பெருக்கினால் தூசியாகக் கிளம்பிக் குழந்தை மூக்குக்கே போகும் என்பதால், தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வெட்டச் சொன்னேன். புது மண் கொட்டியாயிற்று. கோழிகளை வாசல் பக்கம் வலை கட்டி அடைத்திருக்கிறார்கள். 2022 விதிகளின்படி பழைய பேட்டரி, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், உடைக்கத் தேவையே இல்லை என்றும் சொன்னேன்.

"அப்ப வலைக்குக் குண்டு?" என்றார் சித்தப்பா.

பின்னாலிருந்து சித்தி சொன்னது எனக்குப் போனிலேயே கேட்டது. "இரும்பு நட்டு கட்டிக்க. மீன் வரலன்னா பரவால்ல."