வீட்டில் வைத்திருப்பது வேறு, இடுப்பில் செருகித் திரிவது வேறு

கொஞ்ச நாளாகவே நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. ஊரில் எங்காவது நாட்டு வெடிகுண்டு வீசி ஒருவரை வெட்டிச் சாய்த்த செய்தி வந்தால் போதும், மறுநாள் காலை யாராவது ஆரம்பித்துவிடுகிறார்: "அமெரிக்கா மாதிரி நல்லவன் கையிலும் துப்பாக்கி இருந்தால் இந்த ரவுடிகள் வாலாட்டுவார்களா? லைசென்ஸ் கொடுப்பதை எளிதாக்க வேண்டும்." உடனே கீழே பத்துப் பதினைந்து கட்டைவிரல்கள். அதில் பாதிப் பேர் என்னோடு வேலை பார்த்தவர்கள், மீதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று இதை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சில் முதல் கோளாறு, இரண்டு வேறு வேறு காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். சிறு வயதில் எங்கள் தெருவிலேயே நாலைந்து சொல்தா வீடுகள் இருந்தன. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் துப்பாக்கி பிடித்த கைகள். அவர்களில் ஒருவரும் இடுப்பில் எதையாவது செருகிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போய் நான் பார்த்ததில்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கு மூன்று தனித்தனிச் சொற்கள். ஆயுதத்தை வைத்திருப்பது 'தெத்தான்சியோன்'. உடனே சுட முடியாத நிலையில், தக்க காரணத்தோடு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது 'த்ரான்ஸ்போர்'. எடுத்த மாத்திரத்தில் சுடக்கூடிய நிலையில் உடம்போடு வைத்துக்கொண்டு நடமாடுவது 'போர்'. வேட்டைக்காரர்களும் குறி பார்த்துச் சுடும் சங்கத்துக்காரர்களும் அங்கே ஏராளம். அவர்கள் வைத்திருக்கலாம், கொண்டுபோகலாம். ஆனால் மூன்றாவது காரியத்துக்குச் சாதாரணக் குடிமகனுக்கு அனுமதி கிடைப்பது மிக மிக அபூர்வம்.

அமெரிக்காவிலும் இந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. 2008-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது வீட்டுக்குள் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைப் பற்றி. தெருவுக்கு எடுத்து வரும் உரிமையைப் பற்றிய தீர்ப்பு அதற்கு 14 வருடம் கழித்து, 2022 ஜூன் 23-இல்தான் வந்தது. நியூயார்க்கில் நூறு வருடத்துக்கு மேலாக, தகுந்த காரணம் காட்டினால்தான் துப்பாக்கியை வெளியே எடுத்துப் போக லைசென்ஸ். அந்தக் 'காரணம்' கேட்கும் அதிகாரத்தை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் எடுத்துவிட்டார்கள். டெக்சாசில் அதற்கு முந்தைய வருடமே லைசென்ஸே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

நம்முடைய 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது மூன்றையும் 3-வது பிரிவில் ஒரே மூச்சில் சொல்கிறது. நடைமுறையிலும் ஒரே லைசென்ஸ் புத்தகம். வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் போகிறார், கட்சிக் கூட்டத்துக்கும் போகிறார்.

இனி நான் கண்ணால் பார்த்தது. என் சர்வீஸில் சில வருடம் ஆயுத லைசென்ஸ் ஃபைல்கள் என் மேஜை வழியாகப் போய்க்கொண்டிருந்தன. விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் பெரும்பாலும் 'உயிருக்கு ஆபத்து' என்ற இரண்டே சொற்கள். யாரால் என்று கேட்டால் பதில் இருக்காது. போலீஸ் ரிப்போர்ட்டும் குறிப்பிட்டு ஒரு மிரட்டலும் இல்லை என்றே வரும். ஆனால் ஃபைல் அதோடு நிற்காது. ஒரு சிபாரிசுக் கடிதம் வரும், ஒரு போன் வரும். கேட்டவர்கள் யார் தெரியுமா? வட்டிக்கு விடுபவர், மனை வியாபாரி, சாராயக்கடை ஏலம் எடுப்பவர், அரசியலில் கால் வைத்தவர். இரவு ஷிப்ட் முடித்துத் தனியாக வீடு திரும்பும் மில் தொழிலாளியின் விண்ணப்பம் ஒன்றுகூட என் கையில் வந்ததில்லை. நகை போட்டுக்கொண்டு வெளியே போக பயப்படும் விதவைப் பெண்மணியுடையதும் வந்ததில்லை.

உண்மையான தேவையோடு வந்தவர்கள் ஒரு வகையினர் மட்டுமே. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கும் வேலை தேடியவர்கள். சொந்த இரட்டைக் குழல் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் அந்த வேலை. கால் கடுக்க வராந்தாவில் நின்றவர்கள் அவர்கள்தான். மற்றவர்களுக்கு சூப்பரின்டெண்ட் நாற்காலி போடச் சொல்வார்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பேங்க் காவலாளிகள் போன்ற சிலருக்கு விலக்கு. ஒப்படைத்தவர்களின் பட்டியலை நான் தயாரித்திருக்கிறேன். 'உயிருக்கு ஆபத்து' என்று எழுதி வாங்கியவர்கள் எல்லாம் அந்த ஒன்றரை இரண்டு மாதம் துப்பாக்கி இல்லாமல்தான் இருந்தார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டா கிடந்தார்கள்? வழக்கம்போலக் காரில் போனார்கள், பிரசாரத்துக்குப் போனார்கள், நடு இரவில் டீ குடித்தார்கள். என் காலத்தில் அந்த நாட்களில் அவர்களில் எவருக்கும் கீறல்கூட விழவில்லை. திருப்பிக் கொடுக்கத் தாமதமானபோது வந்து சத்தம் போட்டவர்களில் ஒருவராவது பயத்தைப் பற்றிப் பேசினாரா என்றால் இல்லை. "வீட்டில் விசேஷம் சார், நாலு பேர் வருவார்கள்" என்றார் ஒருவர். அவருக்குத் துப்பாக்கி தங்கச் சங்கிலி மாதிரி ஒரு நகை.

நகை என்றதும் வட நாட்டுக் கல்யாணங்கள் ஞாபகம் வருகிறது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் லைசென்ஸ் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுடும் வழக்கத்தால் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். மணமேடையில் நின்றவரே சுடப்பட்டதும் உண்டு. கடைசியில் 2019 திருத்தத்தில் அதை ஒரு தனிக் குற்றமாகவே எழுத வேண்டியதாயிற்று: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சுட்டவர்கள் ரவுடிகள் அல்ல, சித்தப்பாவும் மாமாவும்தான்.

'நல்லவன் கையில் துப்பாக்கி' என்ற வாதத்துக்கு வருவோம். 2022 மே 24, டெக்சாசில் உவால்டே என்ற ஊர். ஆரம்பப் பள்ளிக்குள் ஒருவன் நுழைந்து 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றான். அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த போலீஸ்காரர்கள் 376 பேர். அத்தனை பேரும் ஆயுதத்தோடு இருந்தும் உள்ளே புகுந்து அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று. பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கி, கவசம் போட்டவர்களின் நிலையே இது. நம் குழுவில் கட்டைவிரல் தூக்கியவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தையும் மறைக்கப் போவதில்லை. அதே வருடம் ஜூலையில் இண்டியானாவில் ஒரு மாலில், சுட ஆரம்பித்தவனை அங்கிருந்த 22 வயது இளைஞர் தன் பிஸ்டலால் சில நொடிகளில் வீழ்த்தினார். உண்மை. பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் அதற்கு முந்தைய வருடம் கொலராடோவில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனை, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஒரு குடிமகன் சுட்டு வீழ்த்தினார். செத்தவனின் ரைபிளைக் கையில் எடுத்தபடி நின்றார். அடுத்து வந்த போலீஸ்காரர் அவரைக் கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். நல்லவன் என்பது நெற்றியில் எழுதி ஒட்டியா இருக்கிறது? எல்லார் இடுப்பிலும் இருக்கலாம் என்கிற ஊரில் போலீஸ்காரருக்கு எல்லாரும் சந்தேகத்துக்குரியவரே.

பாரிஸில் 2015 நவம்பர் 13 இரவு பத்தக்லான் அரங்கில் 90 பேர் இறந்தார்கள். 2018-இல் டிரம்ப் துப்பாக்கிச் சங்கத்தின் மாநாட்டில் பேசும்போது, அங்கே ஒருவரிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால் கதையே வேறாகியிருக்கும் என்று, சுடுபவனைப் போலக் கையால் நடித்தும் காட்டினார். பிரான்ஸே கொதித்துப் போயிற்று. அந்த இரவில் உள்ளே முதலில் நுழைந்து ஒருவனை வீழ்த்தியவர் ஒரு கொமிசேர். கையில் இருந்தது சாதாரண சர்வீஸ் பிஸ்டல். அது அவர் தொழில். அதற்குப் பிறகு பிரெஞ்சு அரசு செய்ததும் அதை ஒட்டித்தான்: டியூட்டியில் இல்லாத போலீஸ்காரரும் ஆயுதத்தோடு போகலாம் என்றார்கள். பேக்கரிக்காரரையும் வாத்தியாரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் இருப்பது முதலில் வீட்டுக்காரரையே பார்க்கிறது. மனைவியை இழந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக உட்கார்ந்திருக்கும் நம் வயதுக்காரர்களின் மேஜை இழுப்பறையில் ஒரு ரிவால்வர் எதற்கு என்று நானே கேட்டுவிடுகிறேன்.

தெருவில் துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும் என்று ஜான் லாட் என்ற பொருளாதார நிபுணர் 1998-இல் புத்தகம் போட்டார். அதைத்தான் இன்றுவரை சுற்றுக்கு விடுகிறார்கள். 2004-இல் அமெரிக்க ஆராய்ச்சிக் கவுன்சில் அந்த முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பின்னால் ஸ்டான்ஃபோர்டின் டோனஹ்யூ குழு கணக்குப் பார்த்தபோது, அப்படிச் சட்டம் போட்ட மாநிலங்களில் பத்து வருடத்தில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாகவே தெரிந்தது.

பெண்களின் பாதுகாப்பு என்பார்கள். 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று இலகுவான ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. பெயர் 'நிர்பீக்'. விலை சுமார் 1.22 லட்சம். ராத்திரி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்ணின் கைப்பையில் இருப்பது பஸ் காசு. அவளுக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பஸ், எரியும் தெருவிளக்கு, ரோந்து வரும் போலீஸ். இவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள், 'துப்பாக்கி வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போவது எத்தனை சௌகரியம்!

குடகு நாட்டில் லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கிறார்களே என்பார் ஒருவர். அது குலவழக்கம், பண்டிகையில் பூஜை போட்டு வணங்கும் துப்பாக்கி. அதைக் காட்டி மிஷன் வீதியில் பிஸ்டல் கேட்க முடியாது. காந்தியே ஆயுதச் சட்டத்தைக் கண்டித்தார் என்பார் இன்னொருவர். ஆமாம், கண்டித்தார், வெள்ளைக்காரன் ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கியதை. சுதந்திரம் வந்த பிறகு அரசியல் நிர்ணய சபையில் காமத் ஆயுத உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார், ஏற்கவில்லை. இன்று 19-வது பிரிவில் நமக்கு இருக்கும் உரிமை, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவது.

நான் துப்பாக்கியே கூடாது என்று சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரனைப் போல நாமும் பிரித்து எழுதினால் போதும். லைசென்ஸ் புத்தகத்தில் வைத்திருக்க ஓர் அனுமதி, எடுத்துச் செல்ல வேறோர் அனுமதி. முதலாவது இப்போது போல ஐந்து வருடத்துக்கு இருக்கட்டும். இரண்டாவது ஒரு வருடத்துக்கு மட்டும். யாரால் ஆபத்து, எந்த வழக்கு எண், எந்த ஸ்டேஷன் என்று எழுத்தில் இருந்தால்தான் புதுப்பிக்க வேண்டும். பேங்க் வாசலில் நிற்கும் பழைய ராணுவக்காரருக்கு மட்டும் அன்றைக்கே கொடுத்து அனுப்பலாம், அவரை வராந்தாவில் நிற்க வைக்க வேண்டாம்.