செயினுக்கும் சற்றுத் தளர்வு வேண்டும்



சில ஆண்டுகளுக்கு முன் மழைக்கால இரவொன்றில், கிளைக் கிராமத்து முதியவர் ஒருவர் இறக்கும் தறுவாயில் இருப்பதாகச் செய்தி வந்தது. உடனே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். பின்னால் உபதேசியார் அமர்ந்திருந்தார். பாதி வழியில், பள்ளமொன்றில் வண்டி இறங்கி ஏறிய கணத்தில் செயின் அறுந்தது. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு இருவரும் சேற்றில் நடந்தோம். நாங்கள் போய்ச் சேரும்வரை முதியவர் உயிரோடு இருந்தார். அதில் என் பெருமை ஏதுமில்லை.

ஏனெனில் செயின் அறுந்ததற்கு நானே காரணம். முந்தின நாள் மாலை பங்கு இல்லத் திண்ணையில், ஏற்கெனவே தேய்ந்திருந்த அந்தச் செயின் தொளதொளவென்று இருக்கிறதே என்று, வீணைத் தந்திபோல் முறுக்கி வைத்தவன் நான்தான். கையேட்டைப் படிக்கவில்லை. படித்தவர்களுக்கே உரிய குறை இது.

செயினுக்குத் தளர்வு ஏன் வேண்டும்? நாம் ஏறி அமர்ந்ததும் பின்பக்க ஸ்பிரிங்குகள் அமுங்குகின்றன. அப்போது முன் பல்சக்கரத்திற்கும் பின் பல்சக்கரத்திற்கும் இடையேயுள்ள தூரம் சிறிது கூடுகிறது. மனைவியும் பிள்ளையும் அரிசி மூட்டையும் ஏறினால் இன்னும் கூடும். ஆளில்லாத வண்டியில் சரியாகத் தோன்றும் இறுக்கம், பாரம் ஏறியபின் செயினையும், என்ஜின் பக்கத்துப் பேரிங்கையும் வதைக்கும். பெரும்பாலான சிறு வண்டிகளில் கீழ்ச் செயினின் நடுப்பகுதி 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அசைய வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரேபோல் தேய்வதில்லை. ஆகவே சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுற்றி, நான்கைந்து இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கொண்டே சரிசெய்ய வேண்டும். இரு பக்க அட்ஜஸ்டர்களும் ஒரே கோட்டில் நிற்பது முக்கியம். இல்லையேல் சக்கரம் கோணும்.

இதற்குப்பின் பலரும் மறப்பது ஒன்றுண்டு. செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னே நகர்கிறது. டிரம் பிரேக் வண்டியில் பிரேக் கம்பியும் அதனோடு இழுபடுகிறது. மிதியின் தளர்வைத் திரும்பச் சரிபார்க்காமல் ஓட்டினால் பிரேக் பிடித்தபடியே சக்கரம் சுழன்று சூடாகும். ஆக்சில் நட்டை முழுதும் இறுக்கியாயிற்றா என்பதையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, உலர்ந்தபின் கியர் ஆயில் இடுவது நன்று. பெட்ரோல் கூடாது, தீயபாயம் ஒருபுறமிருக்க, சில செயின்களிலுள்ள ரப்பர் வளையங்களையும் அது கெடுக்கும். பெற்றோரே, இதைக் கவனியுங்கள்: என்ஜினை ஓடவிட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிக்கவே கூடாது. துணியை இழுக்கும் பல்சக்கரம் விரலையும் சேர்த்தே இழுத்துவிடும். உதவ வரும் சிறுவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

என்ஜின் ஆயிலையும் வீட்டிலேயே மாற்றலாம். கார் ஆயிலை ஊற்றாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது, அது வழுக்கத் தொடங்கும். வடியும் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும். கழிவு ஆயிலைக் கிணற்றோரம் கொட்டாமல், டப்பாவில் சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். டயர்க் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன் அளக்க வேண்டும்.

பிரேக்கைப் பிரித்துப் பழுது பார்ப்பதை மெக்கானிக்கிடமே விடுங்கள். 2020 ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு எரிபொருள் அமைப்பு இருப்பதால், திருப்புளியால் திருகிப் பார்க்கும் பழைய பழக்கத்திற்கும் அங்கே இடமில்லை.

தேதியையும் கிலோமீட்டரையும் குறித்துவைக்க ஒரு சிறு நோட்டு போதும். என் நோட்டின்படி அடுத்த செயின் பராமரிப்புக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர்தான் இருக்கிறது. சனிக்கிழமை மாலைக்குள் மண்ணெண்ணெய்க்கு யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும்.