குழலின் அளவும் கருணையின் அளவும்

மான் வேட்டைக்கு எவ்வளவு குழல் விட்டமுள்ள துவக்கு ஏற்றது? நம் மலைநாட்டிலே துரைமார் கையில் துவக்கும் காலடியில் நாயுமாகத் திரிந்த காலத்தில் பெரிதும் வாதிக்கப்பட்ட வினா இது. இன்று மரையும் மானும் சட்டத்தின் காவலில் உள்ளன. அவ்வாறிருக்க, இவ்வினாவால் நமக்கு ஆவது யாது என்று வாசகர் கேட்கலாம். மேலோட்டமாகப் பார்ப்பின் இஃது இரும்பையும் ஈயத்தையும் பற்றிய வினாவே. ஆயின் அதன் அடியிலே ஓர் அறக்கேள்வி கிடக்கின்றது. ஓருயிரைப் போக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பவன் அவ்வுயிர் படும் துன்பத்துக்கும் பொறுப்பாளி ஆவானா என்பதே அக்கேள்வி. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

ஆங்கிலேயர் ‘கலிபர்’ என்பது துவக்குக் குழலின் உள்விட்டத்தையாகும். அதனை அங்குலத்தின் பின்னமாகவோ மில்லிமீற்றராகவோ குறிப்பர். 0.303 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 303 பங்கு, ஏறத்தாழ 7.7 மில்லிமீற்றர். பழைய துவக்குகளையும், சிறு ரவைகளைச் சிதறவிடும் துவக்குகளையும் வேறொரு முறையால் அளந்தனர். ஓர் இறாத்தல் ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை குழலுக்குட் சரியாகப் பொருந்துமோ, அத்தொகையே அத்துவக்கின் எண். பன்னிரண்டாம் எண் துவக்கின் குழல் சுமார் 18.5 மில்லிமீற்றர். பத்தாம் எண் துவக்கின் குழல் அதனினும் அகன்றது. எண் குறையக் குழல் பெருகும் என்பதை மாணவர் மனங்கொள்வாராக.

குழல் பெரிதானால் ஆற்றலும் அதே அளவிற் பெரிதாகும் என எண்ணுவார் பலர். பௌதிகம் அவ்வாறு கூறவில்லை. குண்டின் திணிவை இரட்டித்தால் அதன் இயக்கச் சக்தி இருமடங்காகும். வேகத்தை இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். மூன்று துவக்குகளை எடுத்துக்கொள்வோம். பறவைக்கும் முயலுக்கும் பயன்படும் 0.22 அங்குலச் சிறு துவக்கின் குண்டு 2.6 கிராம் எடையுடையது. செக்கனுக்குச் சுமார் 330 மீற்றர் வேகத்திற் செல்வது. அதன் சக்தி ஏறத்தாழ 140 யூல். இரு உலகப் போர்களிலும் பயன்பட்ட 0.303 துவக்கின் குண்டோ 11.3 கிராம் எடையுடன் செக்கனுக்கு 744 மீற்றர் வேகத்திற் புறப்படுவது. அதன் சக்தி ஏறத்தாழ 3,100 யூல். குழலின் விட்டம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. சக்தியோ இருபத்திரண்டு மடங்காகிவிட்டது. மூன்றாவது துவக்கு 0.223 என்னும் பெயருடையது. பெயரால் முதலாவதற்கு உடன்பிறப்பென்றே தோன்றும். ஆயின் அதன் குண்டு மும்மடங்கு வேகமுடையது. சக்தி 1,700 யூலுக்கு மேற்பட்டது. குழலின் அளவை மட்டும் கொண்டு துவக்கை மதிப்பிடுவது, நூலின் அட்டையைக் கொண்டு நூலை மதிப்பிடுவதை ஒக்கும்.

இக்கணக்கெல்லாம் எதற்கு? நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தைக் குண்டு ஊடுருவினால் மான் விரைவில் வீழ்ந்துவிடும். சக்தி குன்றிய குண்டாயின் தோள் எலும்பிலோ தசையிலோ தங்கிவிடும். மான் காட்டுக்குள் ஓடும். புண் சீழ்ப்பிடித்துப் பல நாள் வதைந்து, யாரும் காணாத ஒரு பற்றையில் இறக்கும். இதனைத் தடுப்பதற்காகவே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 ஆம் ஆண்டின் மான் சட்டம், பெருமான்களைச் சுடுவதற்குக் குழல் 0.240 அங்குலத்துக்கும், சக்தி சுமார் 2,300 யூலுக்கும் குறையலாகாது என்று விதித்தது. குண்டின் முனை மென்மையானதாகவோ குழிந்ததாகவோ இருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. உடலினுட் சென்றதும் விரியும் இவ்வகைக் குண்டு, கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம் என்னும் ஊரின் பெயரால் உலகறிந்தது. 1899 ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் போரிலே அதனைத் தடைசெய்தது. போரிற் கொடியதென விலக்கப்பட்ட ஒன்று வேட்டையில் ஏன் விதிக்கப்படுகின்றது? போர்வீரனைச் செயலற்றவனாக்கினாற் போதும். அவன் பிழைத்தெழவும் வாய்ப்புண்டு. வேட்டையிலோ விலங்கு இறப்பது துணிபு. ஆதலின் அவ்விறப்பு விரைவில் நேரவேண்டும் என்பதே அங்கு கருணையாகின்றது.

இனி, ‘மான்’ என்று நாம் ஒரே சொல்லால் வழங்குவன பல திறத்தன. ஹோர்ட்டன் சமவெளியில் மந்தையாக மேயும் மரையைத் தமிழகத்தார் கடமான் என்றும் மிளா என்றும் அழைப்பர். அதன் ஆண் இருநூறு கிலோகிராமுக்கு மேலும் வளர்வதுண்டு. தாழ்நிலக் காடுகளின் புள்ளிமான் அதனிற் பாதியும் இராது. தேயிலை மலைகளின் ஓரக்காடுகளில் நாய்போற் குரைக்கும் கேளையாடு இருபது முப்பது கிலோகிராம் அளவினது. மானினத்துக்குத் தூரத்து உறவான சருகுமானோ முயலைவிடச் சற்றே பெரிது. மரையை வீழ்த்தும் குண்டு சருகுமானைச் சிதைத்துவிடும். சருகுமானுக்குப் போதுமான குண்டு மரையை வதைக்கவே செய்யும். ஆகவே மானுக்கு ஏற்ற ஒரே அளவு என ஒன்று எங்கும் இல்லை.

நம் மலைநாட்டு வேட்டையின் பழங்கதையை எழுதி வைத்தவருள் முதன்மையானவர் சாமுவேல் பேக்கர். 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்த அவர், 1855 இல் இலங்கையை விட்டு நீங்கினார். பின்னர் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு உலகுக்கு அறிவித்துப் புகழ் பெற்றார். ஹோர்ட்டன் சமவெளியின் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவரிடமிருந்த துவக்குகளுள் ஒன்று 21 இறாத்தல் எடையுடையது. 4 அவுன்சுக் குண்டை எறிய வல்லது. பத்தாம் எண் இரட்டைக் குழல் துவக்குகளும் அவரிடம் நான்கு இருந்தன. இத்துணை படைக்கலம் வைத்திருந்த அவர், நுவரெலியாக் காட்டில் மரையை வேட்டையாடியது எதனால்? வேட்டை நாய்களாலும் இடுப்புக் கத்தியாலுமே. பகலெல்லாம் அடர்காட்டிற் பதுங்கி இரவில் மேயவரும் மரையைக் கண்ணாற் காண்பதே அரிது. காணாததைச் சுடுவது எங்ஙனம்? நாய்கள் மோப்பம் பிடித்துத் துரத்த, மரை ஓடிக் களைத்து ஓடையிலிறங்கி எதிர்த்து நிற்கும். அப்போது பேக்கர் கத்தியுடன் நெருங்குவார். இதனை அவர் வீர விளையாட்டென்றே எழுதினார். அதனை அவ்வாறே ஏற்க இன்று நம் மனம் ஒப்புவதில்லை.

குழலின் அளவே வெற்றியைத் தருவதன்று என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர், அவற்றிற் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது 7 மில்லிமீற்றர் குழலுடைய சிறிய துவக்கினால். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை அமைந்த இடத்தைக் கற்றிருந்தார் அவர். அவர் கொன்ற தொகையைப் புகழ வேண்டியதில்லை. விலங்கின் உடலை அறியாதவன் கையில் எந்தத் துவக்கும் வதைக்கருவியே என்னும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

காலம் மாறிற்று. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக்கு உரிமமும் வரம்பும் வகுத்தது. பின்வந்த திருத்தங்கள் அவ்வரம்பை மேன்மேலும் இறுக்கின. இன்று மரையையும் மானையும் வேட்டையாடுவது குற்றம். ஹோர்ட்டன் சமவெளி 1969 இல் சரணாலயமாகி, 1988 இல் தேசிய பூங்காவாகி, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. எனவே நம் மலைநாட்டில் மானுக்கு ஏற்ற குழல் அளவு யாதெனின், எதுவுமில்லை என்பதே விடை.

ஆயின் துவக்கு ஓய்ந்ததனால் வதை ஓய்ந்துவிடவில்லை. குழலும் குண்டும் இல்லாத ஒரு கருவி தேயிலை மலைகளில் இன்றும் உயிர் குடிக்கின்றது. அதுவே கம்பிச் சுருக்கு. 2020 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் நாள், மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணிப் பகுதியில், தோட்டமொன்றிலே மிக அரிதான கருஞ்சிறுத்தையொன்று இத்தகைய சுருக்கில் அகப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தும் பயனில்லை. 29 ஆம் நாள் அஃது இறந்தது. சிறுத்தைக்கென்று எவரும் அச்சுருக்கை வைத்திருக்கமாட்டார். ஆயின் சுருக்குக்கு ஆளடையாளம் தெரியாது. காட்டுப்பன்றிக்கு வைத்தது கேளையாட்டையும் பிடிக்கும், மரைக்கன்றையும் பிடிக்கும், வீட்டு நாயையும் பிடிக்கும். விலங்கு திமிறத் திமிறக் கம்பி இறுகும். தோலை அறுக்கும், உள்ளுறுப்பைச் சிதைக்கும். சுட்டவன் தன் இலக்கைக் கண்டிருப்பான். காயப்பட்டதைத் தேடிச் சென்று முடிப்பது வேட்டை நெறியென்றும் அறிந்திருப்பான். சுருக்கு வைத்தவனோ அங்கே இருப்பதுமில்லை. அது வேடன் இல்லாத வேட்டை. பாதையிற் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் இவ்வகையினதே. மனிதர் காலையும் அது பதம் பார்க்கும்.

சுருக்கு வைப்பவரைக் கொடியவர் என்று கூறி அமைந்துவிடுதல் எளிது, நீதியன்று. லயத்தின் பின்னே கால் ஏக்கரும் இல்லாத நிலத்தில் உருளைக்கிழங்கும் கோவாவும் பயிரிட்டு, தேயிலைக் கொழுந்தெடுக்கும் கூலியோடு அதையும் சேர்த்துக் குடும்பம் நடத்துபவர் பலர். ஓரிரவிற் பன்றிக் கூட்டம் புகுந்தால் மூன்று மாத உழைப்பு மண்ணாகும். 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி உரிமம் பெற்றுத் துவக்கு வைத்திருத்தல் அன்றும் துரைமாருக்கே எளிதாயிருந்தது. தொழிலாளியின் கைக்கு எட்டியது பழைய கம்பித் துண்டொன்றே. துரைக்குத் துவக்கு, தொழிலாளிக்குச் சுருக்கு என்னும் இந்நிலை வறுமையினாலும் விளைந்தது. ஆகவே சுருக்கை அகற்று என்று சொல்பவர், வேலிக்கு வழி யாது என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர். பல குடும்பங்களின் தோட்டங்களை ஒன்றுசேர்த்து வலுவான ஒரே வேலி அமைத்தல், விளைச்சற் காலத்தில் முறைவைத்து இரவுக்காவல் புரிதல், வேலிக்குரிய பொருளில் ஒரு பங்கைத் தோட்ட நிருவாகம் ஏற்றல் ஆகியன செய்யக்கூடியவையே.

மாணவர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தேயிலைச் செடிகளுக்கும் காட்டுக்கும் இடையிலே வளையமாகக் கட்டிய கம்பியைக் கண்டால் பெரியோரிடம் கூறி அதனை அகற்றச் செய்யுங்கள். விலங்கொன்று அகப்பட்டிருக்கக் கண்டால் அருகே செல்லாதீர்கள். கூட்டம் கூடவும் விடாதீர்கள். கூட்டத்தைக் கண்டு அது திமிறினால் கம்பி மேலும் இறுகும். சிறுத்தையாயின் மனிதர் உயிருக்கும் ஆபத்து. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவிப்பதே முறை. மானும் பன்றியும் குறைந்த மலையில் சிறுத்தை நாயைத் தேடி லயத்துக்கு வரக்கூடும் என்பதையும் வீட்டாருக்கு எடுத்துரையுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியிலே ‘ஃபார் இன்’ என்னும் பழைய கட்டடம் ஒன்றுண்டு. வெள்ளையர் காலத்தில் வேட்டைக்காரர் தங்கிய விடுதி அது. இன்று பூங்காவைக் காண வருவோர்க்குப் பயன்படுகின்றது. துவக்கேந்தியோர் நின்ற அம்முன்றிலில் இப்போது மரைகள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் வந்து நிற்கின்றன. அவை அஞ்சாமைக்குச் சட்டம் ஒரு காரணம். ஆயின் சமவெளியின் எல்லைக்கு அப்பால், நம் தேயிலை மலைகளில், சட்டத்தின் கண் எட்டாத புதர்கள் ஆயிரம் உள்ளன. அங்கே மானைக் காக்க வேண்டியது நம் மனச்சான்றேயாகும்.