பழைய எண்ணால் புதிய தலைமுறையை அளப்பதா?

2021-இல் முடிந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2027 மார்ச் 1-ஐக் கணக்குநாளாகக் கொள்ளும் அளவுக்குத் தள்ளிப்போட்ட முடிவு, காரைக்கால் போன்ற சிறு நிலப்பகுதிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியாகும்.

ஒரு மக்கள்தொகை வளர்கிறதா, தேய்கிறதா என்பதைத் தலைகளை எண்ணுவதால் மட்டும் அறிய இயலாது. இன்று பிறக்கும் பெண் குழந்தைகளுள் எத்தனை பேர் மகப்பேற்று வயதில் உயிரோடிருப்பர், அவர்கள் அந்தந்த வயதில் எத்தனை பெண் மக்களைப் பெறுவர் என்னும் இரண்டையும் வயதுதோறும் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது நிகர இனப்பெருக்க விகிதம். அது ஒன்றுக்குக் கீழே இறங்கினால் அடுத்த தலைமுறை சுருங்குகிறது என்று பொருள். காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஒரு பெண் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.5, தலைமுறையை ஈடுசெய்யவோ ஏறத்தாழ 2.1 வேண்டும். காரைக்காலுக்குத் தனி விகிதத்தை அந்த ஆய்வு தருவதில்லை.

தனி விகிதம் காண முயன்றால் வகுப்பதற்கு நம்பத்தக்க எண் இல்லை. 2011-இல் காரைக்காலில் எண்ணப்பட்ட 2,00,222 பேரே இன்னும் அடிப்படை. அன்று ஐந்து வயதாயிருந்த சிறுமி 2027-இல் மகப்பேற்று வயதினள். 35 வயதாயிருந்தவர் அவ்வயதைக் கடந்தவர். அதன்பின் வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் சென்றோர் அந்த எண்ணிலிருந்து கழிக்கப்படவில்லை, இங்கு வந்து குடியேறியோர் அதில் சேர்க்கப்படவுமில்லை. பிறப்பு எண்ணிக்கையிலும் பிழை உண்டு: பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவாவதால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்துத் தாய் காரைக்கால் மருத்துவமனையில் பிரசவித்தால் அக்குழந்தை காரைக்கால் பிறப்புகளுள் ஒன்றாகிறது. பெரிய மாநிலத்தின் சராசரியில் கரைந்துவிடும் இப்பிழை, தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்த இம்மண்ணில் முழு விகிதத்தையும் திரித்துவிடும். பிறப்பையும் இறப்பையும் பிரெஞ்சு ஆட்சிக்காலம் முதலே பதிந்துவரும் ஊருக்கு இந்த நிலை!

கொள்ளைநோயால் 2020-இல் பணி நின்றதை எவரும் குறைகூறவில்லை. ஆனால் உலகப் போரின் நடுவே 1941-இலும் கணக்கெடுத்த நாட்டில், நோய் தணிந்து தேர்தல்கள் வரிசையாக நடந்தபின்னும், கணக்கெடுப்புக்கு முன் நிர்வாக எல்லைகளை உறையவைக்கும் கெடுவை மட்டும் ஒன்றிய அரசு மீண்டும் மீண்டும் நீட்டியது எதற்காக? 2011-இல் தொடங்கிய சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களை வெளியிடாமல் முடக்கியதும் இதே அதிகார மரபுதான். 2021-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்பு அறிக்கைகளை 2025 மே மாதம்வரை அடக்கிவைத்ததும் இந்த அரசுதான். பெருந்தொற்று கொண்டுபோன உயிர்களின் கணக்கைக் கேட்ட குடும்பங்களை நான்காண்டு காக்கவைத்தது மன்னிக்கத்தக்கதன்று.

வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்ட, காரைக்காலுக்கே உரிய வயதுவாரி விவரங்கள் காலத்தில் வெளிவர உரியவர்கள் வழிகாண வேண்டும். 2027-இன் எண்களும் தாமதமானால், எத்தனை வகுப்பறைகளை மூடுவது, முதியோருக்கு எத்தனை படுக்கைகள் ஒதுக்குவது என்பதை இம்மாவட்டம் இன்னும் பல ஆண்டுகள் ஊகத்தாலேயே முடிவுசெய்ய நேரும்.